ஒன்றுக்கு ஒன்று

கேள்வி: ‘க்விட் ப்ரோ க்வோ’ என்ற தொடருக்குத் தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் ‘விட்டுக்கொடுத்துப் போவது’ என்று பொருள் சொன்னார், இன்னொருவர் ‘லஞ்சம்’ என்றார். யார் சொன்னது சரி? அது எங்கிருந்து வந்தது?

பதில்: இருவர் சொன்னதும் சரியில்லை. விட்டுக்கொடுப்பவர் தமக்குரியதில் ஒரு பங்கை இழக்க மனம் ஒப்புகிறார். ‘க்விட் ப்ரோ க்வோ’வில் எவரும் எதையும் இழக்க ஒப்புவதில்லை, கொடுத்ததற்கு ஈடு கைக்கு வந்தாக வேண்டும். முதலாமவர் ‘கிவ் அண்ட் டேக்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

இலத்தீன் மொழியில் இத்தொடருக்கு ‘ஒன்றுக்குப் பதிலாக ஒன்று’ என்று பொருள். பேரம் பேசுவோரிடமிருந்து அல்ல, மருந்துக் கடையிலிருந்தே இது புறப்பட்டது. மருத்துவர் எழுதிய சரக்கு கையிருப்பில் இல்லையென்றால் அதற்கு மாற்றாக எதைச் சேர்க்கலாம் என்று காட்டும் பட்டியல்கள் இடைக்கால ஐரோப்பாவில் இப்பெயரால் வழங்கின. (நம் ஆயுர்வேதத்திலும் ‘பிரதிநிதி திரவியம்’ என்று இதே ஏற்பாடு உண்டு.) ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டால் தவறு நேரும் அல்லவா? பிரெஞ்சு மொழியில் ‘கிப்ரோகோ’ என்ற சொல் இன்றும் ஒன்றை மற்றொன்றாகப் பிறழ உணர்வதையே குறிக்கிறது. அந்த வகையில் உங்கள் முதல் விவாதக்காரர் செய்ததும் ஒரு ‘கிப்ரோகோ’தான்.

ஆங்கிலத்தில் ‘மாற்று’ என்ற பொருள் தேய்ந்து, ‘ஈடு’ என்ற பொருள் நிலைத்தது. நம் நாட்டுச் சட்டத்தில் அதற்குக் கண்ணியமான இடமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம், சமய நிறுவனங்கள் தம் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேற்படாத தொகையை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது. அப்போது சென்னை மாநிலத்தில் இருந்த உடுப்பியின் சிரூர் மடம் தொடுத்த வழக்கில், வசூலிக்கும் தொகைக்கும் அரசு செய்யும் பணிக்கும் இடையே ‘க்விட் ப்ரோ க்வோ’ இல்லாததால் அது கட்டணம் ஆகாது, வரியே ஆகும், அத்தகைய வரியை விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணத்துக்கும் சேவைக்கும் காசுக்குக் காசு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று பிற்காலத் தீர்ப்புகள் இதைத் தளர்த்தின என்றாலும், அவ்வழக்கில் இத்தொடர் இல்லாமற்போன ஒன்றைச் சுட்டியதேயன்றி எவர் மீதும் பழி சுமத்தவில்லை.

இரண்டாமவரின் பிழை சற்றே நுட்பமானது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இத்தொடர் வருகிறது. கட்சிக்கு நிறுவனம் ஒன்று கொடுத்த பணத்துக்கு ஈடாக அரசின் சலுகை ஏதும் கிடைத்ததா என்று வாக்காளர் அறிய வழியில்லை என்பது அங்கே எழுந்த கவலை. ஆக, நன்கொடை எங்கே முடிகிறது, லஞ்சம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் அடையாளமே ‘க்விட் ப்ரோ க்வோ’. அதுவே லஞ்சம் ஆகிவிடாது. சம்பளம் வாங்கி வேலை செய்வதும் ‘க்விட் ப்ரோ க்வோ’தான்.

தமிழில் எழுதும்போது ‘பிரதிபலன்’ என்றோ ‘ஈடு’ என்றோ சொல்லலாம். சிலர் ‘கைம்மாறு’ என்று எழுதுகிறார்கள். பெற்றவர் நன்றியுணர்வால் தாமே செய்வது கைம்மாறு. முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளும் சங்கதிக்கு அச்சொல்லைச் செலவழிப்பானேன்?