ஒரே வீடு, நான்கு ஓட்டு, நான்கு வழி

கேள்வி: நான் பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. 2024 மக்களவைத் தேர்தலில் எனக்கு அரூரில் டூட்டி போட்டார்கள். அந்த அலைச்சலில் என் ஓட்டைப் போடவே இல்லை. மாமனாருக்கு 87 வயது, படுத்த படுக்கை. கொழுந்தனார் ராணுவத்தில், ஜம்முவில் இருக்கிறார். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார், மாதம் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவார். நான்கு பேருக்கும் ஓட்டு இந்த ஊரில்தான். அடுத்த தேர்தலில் என்ன செய்வது?

பதில்: உங்கள் ஓட்டிலிருந்தே தொடங்குகிறேன். வருத்தம் என்னவென்றால், அன்றைக்கு அரூரில் நீங்கள் வேலை பார்த்த அதே பூத்தில், அதே மெஷினில் உங்கள் ஓட்டைப் போட்டிருக்கலாம். தர்மபுரி மக்களவைத் தொகுதியில் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகியவற்றோடு சேலம் மாவட்டத்து மேட்டூரும் அடக்கம். இந்த ஆறில் எங்கே டூட்டி போட்டாலும் நீங்கள் உங்கள் தொகுதிக்குள்தான் இருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தேர்தல் பணிச் சான்று கொடுப்பார்கள், அலுவலக வழக்கில் இ.டி.சி. அதைக் கொடுத்துவிட்டு டூட்டி பார்க்கும் பூத்திலேயே ஓட்டுப் போடலாம். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக 81.20 சதவீதம் பதிவானது தர்மபுரியில்தான். அதில் உங்கள் ஓட்டு இல்லையே!

சட்டமன்றத் தேர்தல் என்றால் கதை வேறு. பென்னாகரம் ஒரு தொகுதி, அரூர் இன்னொன்று. அங்கே இ.டி.சி. செல்லாது, தபால் ஓட்டுதான். இ.டி.சி.க்குப் படிவம் 12ஏ, தபால் ஓட்டுக்குப் படிவம் 12. பயிற்சி வகுப்பில் படிவம் நீட்டும்போது 'அப்புறம் தருகிறேன்' என்று பைக்குள் வைத்துவிடாதீர்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் குறித்துக்கொண்டே வகுப்புக்குப் போங்கள். தபால் ஓட்டை முன்பு போல வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாவகாசமாக அனுப்ப முடியாது. 2023இல் விதி மாறிவிட்டது. அதற்கென அமைக்கும் வாக்காளர் வசதி மையத்திலேயே போட வேண்டும். இது நல்ல மாற்றம் என்பேன். உறுதிமொழித் தாளில் அதிகாரி கையெழுத்து விட்டுப்போவது, அதை உள் உறைக்குள் ஓட்டுச்சீட்டோடு சேர்த்து ஒட்டிவிடுவது, இப்படித்தான் நல்ல ஓட்டுகள் செல்லாமல் போயின.

மாமனாருக்கு வீட்டிலிருந்தே ஓட்டுப் போடும் வசதி உண்டு. முன்பு 80 வயது என்றிருந்ததை 2024இல் 85 ஆக்கினார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்கள் எந்த வயதிலும் கேட்கலாம், சான்றிதழ் வேண்டும். இதற்குப் படிவம் 12டி. பி.எல்.ஓ. (உங்கள் பூத்துக்கான வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீடு தேடி வந்து தருவார். இதில் பலர் கோட்டை விடுவது நாள் கணக்கில்தான். டிவியில் தேர்தல் தேதி சொல்கிற நாள் வேறு, முறையான அறிவிக்கை வெளியாகும் நாள் வேறு. 2024இல் தேதி சொன்னது மார்ச் 16, நமக்கு அறிவிக்கை வந்தது மார்ச் 20. அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.

ஓட்டு வாங்க அலுவலர்கள் போலீஸோடும் வீடியோ கேமராவோடும் வருவார்கள். மெஷின் வராது, காகித ஓட்டுச்சீட்டுதான். முதல் முறை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி. 12டி ஏற்கப்பட்ட பிறகு மனசு மாறி, தூக்கிக்கொண்டு பூத்துக்குப் போனாலும் போட விடமாட்டார்கள். 'நம்ம ஊருக்கு எங்கே வரப்போகிறார்கள்' என்று சந்தேகப்பட வேண்டாம். உங்கள் பக்கத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் ஓட்டு மெஷினை ஏற்றிப்போன மாவட்டம் இது.

கொழுந்தனார் விஷயத்தில் முதலில் ஒன்றைப் பாருங்கள். அவர் பெயர் ஊரின் பொதுப் பட்டியலில் இருக்கிறதா, படைவீரர்களுக்கான பட்டியலிலா? இரண்டிலும் இருக்கக் கூடாது. படைவீரராகப் பதிந்திருந்தால் ஓட்டுச்சீட்டு ஆன்லைனில் அவருக்குப் போகும். பிரின்ட் எடுத்து, ஓட்டைக் குறித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் வந்து சேராவிட்டால் வீண்.

தபாலை நம்ப முடியாத இடத்தில் இருக்கிறார் என்றால், ஊரில் ஒருவரைத் தன் பதிலாளாக நியமிக்கலாம். படிவம் 13எஃப்பில் அவர் கமாண்டிங் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும், இங்கே இருப்பவர் நோட்டரி அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன். பதிலாளுக்கு இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள், அவருடைய சொந்த ஓட்டுக்கு வழக்கம்போல ஆட்காட்டி விரல். நீங்கள் டூட்டிக்குப் போய்விடுவீர்கள், கணவர் ஓசூரில். ஊரோடு இருக்கிற நம்பிக்கையான உறவினர் யாரையாவது பாருங்கள்.

கணவருக்குத்தான் குறுக்குவழி எதுவும் இல்லை. வேலைக்காக வெளியூரில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் மெஷின் ஒன்றைத் தேர்தல் ஆணையம் தயாரித்து, 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, அது அப்படியே நிற்கிறது. ஆகவே பஸ் ஏறி வர வேண்டியதுதான். ஓட்டு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 135பி என்று சொல்லிக் கேட்கலாம். குடும்பமே ஓசூருக்குப் போகிற யோசனை இருந்தால் படிவம் 8 கொடுத்துப் பெயரை அங்கே மாற்றிக்கொள்ளட்டும். புதிதாகப் படிவம் 6 போட்டு இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது குற்றம்.

வெளியூரிலிருந்து வருபவருக்கு வரக்கூடிய இன்னொரு சிக்கல், பூத்தில் 'உங்க ஓட்டை ஏற்கனவே போட்டாச்சே' என்று சொல்வது. சண்டை போட்டுத் திரும்பிவிடாமல், தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு கேட்கட்டும். அடையாளத்தை உறுதி செய்துவிட்டு, 17பி பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதச் சீட்டு தருவார். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. வெற்றி வித்தியாசம் ஒன்றிரண்டில் நின்று வழக்கு நீதிமன்றம் போனால்தான் அந்த உறையைப் பிரிக்கும் பேச்சே வரும். ஆனாலும் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டே வெளியே வரச் சொல்லுங்கள். கையில் வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ இருக்க வேண்டும். பூத் சிலிப்பை மட்டும் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள்.