ஆச்சி பதில்கள்: செட்டிநாட்டில் ஓர் ஆங்கிலேயக் காலையுணவு

கேள்வி: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் சில அறைகளை வெளியூர் விருந்தினருக்கு விட்டு வருகிறோம். தை மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வயதான தம்பதியர் இருவர் தங்க வருகிறார்கள். நம் பலகாரங்கள் பிடிக்கும் என்றும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கள் ஊர்க் காலையுணவு கிடைத்தால் மிகவும் மகிழ்வோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் சமையல்காரர் கைதேர்ந்தவர்தான், ஆனால் இதைச் செய்ததில்லை. இந்தப் பக்கம் கிடைக்கும் பொருள்களை வைத்து முறையாகச் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தாராளமாகச் செய்யலாம். அவர்கள் கேட்டிருப்பது ‘ஃபுல் இங்கிலீஷ்’ என்று அவர்கள் ஊரில் சொல்லும் பெரிய தட்டு. பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறித் துண்டு), சாசேஜ் (கொத்துக்கறியை விரல்போல் உருட்டியது), பொரித்த முட்டை, வாட்டிய தக்காளி, காளான், தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸ் (காய் அல்ல, விதை), பொரித்த ரொட்டி அல்லது டோஸ்ட் ஆகியவை அதில் இருக்கும். வேலைநாள்களில் அங்கேயும் பெரும்பாலோர் சீரியலோ டோஸ்டோ சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் தட்டு விடுமுறை நாளுக்கும் விடுதிகளுக்கும் உரியது. இரண்டாம் உலகப் போரின்போது 1940 ஜனவரியில் பேக்கன் பங்கீட்டுக்குள் வந்தது; 1954 ஜூலையில்தான் அந்தக் கட்டுப்பாடு முழுவதுமாக நீங்கியது. உங்கள் விருந்தினரின் பெற்றோர் அந்தக் காலத்தைப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் இந்தத் தட்டுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சமையல்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அன்று காலை அஞ்சறைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். உப்பும் மிளகுத்தூளும் போதும். கடுகு தாளிப்பதும், கறிவேப்பிலை கிள்ளிப் போடுவதும், நல்லெண்ணெய் ஊற்றுவதும் நம் கைக்குத் தானாக வருபவை. அவற்றில் எது சேர்ந்தாலும் இந்தத் தட்டு வேறொன்றாகிவிடும். வெண்ணெயும் மணமில்லாத எண்ணெயும் பயன்படுத்துங்கள். பொருள் ஒன்று கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுவது பெரிய குறையாகாது. மசாலா சேர்த்து அந்த இடத்தை நிரப்ப முயல்வதுதான் குறை என்பது என் உறுதியான கருத்து.

பேக்கன் காரைக்குடியில் எளிதில் அகப்படாது. திருச்சியிலோ மதுரையிலோ பெரிய கடைகளின் உறைநிலைப் பெட்டிகளில் தேட வேண்டியிருக்கும். நம் கடைகளில் பெரும்பாலும் விற்பது பன்றியின் வயிற்றுப்பகுதியிலிருந்து எடுத்த, கொழுப்பு வரிவரியாக ஓடும் வகை. இங்கிலாந்துக்காரர்கள் விரும்புவதோ முதுகுத்தசையிலிருந்து எடுத்து, ஓரத்தில் மட்டும் கொழுப்புள்ள வகை. நம்பகமான கடையில் முதுகுக்கறி கிடைத்தால் வீட்டிலேயே உப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு 25 கிராம் உப்பும் 10 கிராம் சர்க்கரையும் தடவி, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் நான்கைந்து நாள் வைத்து, தினமும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். பிறகு கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கலாம். கடைப் பேக்கனின் இளஞ்சிவப்பு நைட்ரைட் சேர்த்த உப்பினால் வருவது. உங்களுடையது வெந்ததும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், சுவை குறையாது. ஆனால் அது கெடாமல் நாள்பட இருக்கும் பொருளன்று. இரண்டு நாளுக்குள் நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிட வேண்டும்.

சாசேஜ் செய்வது இதைவிட எளிது. கடையில் விற்கும் வழவழப்பான, புகையூட்டிய சாசேஜ் இதற்குப் பொருந்தாது. கொழுப்போடு கொத்திய பன்றிக்கறி ஒரு கிலோ, பழைய ரொட்டித்தூள் 120 கிராம், உப்பு 16 கிராம், வெள்ளை மிளகு, துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை, சாதிபத்திரி அதைவிடக் குறைவாக. இவற்றைக் குளிர்ந்த நீர் தெளித்துப் பிசைந்து விரல் பருமனில் உருட்டினால், குடல்தோல் இல்லாமலே நிற்கும். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னதற்கு இந்த இரண்டு சரக்குகள் மட்டுமே விலக்கு. ஆங்கிலேயர் இவற்றைச் சாசேஜில் சேர்ப்பது பழைய வழக்கம்.

பீன்ஸ் இல்லாத தட்டை இன்று பலர் முழுமையானதாக எண்ணுவதில்லை. ஆயினும் அந்தத் தகர டப்பா பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹைன்ஸ் நிறுவனத்தின் டப்பாக்கள் 1886இல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் விலையுயர்ந்த பண்டமாக விற்பனைக்கு வந்தன. டப்பா கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெள்ளைக் காராமணியை இரவு ஊறவைத்துக் குக்கரில் குழையாமல் வேகவைத்து, வடிகட்டிய தக்காளிச் சாறு, சர்க்கரை, சிறிது வினிகர், உப்பு சேர்த்துச் சாறு கெட்டியாகும் வரை சிறுதீயில் வையுங்கள்.

தக்காளிக்கு நாட்டு வகை வேண்டாம். புளிப்பு மிகுந்து, சூடு பட்டதும் குழைந்துவிடும். கெட்டியான பெங்களூர்த் தக்காளியைப் பாதியாக நறுக்கி, நறுக்கிய பக்கம் கல்லில் படும்படி வைத்து, ஓரம் கருகத் தொடங்கும்வரை தொடாமல் விடுங்கள். நம் பேக்கரி ரொட்டி இனிப்பானது, எண்ணெயில் இட்டால் சட்டென்று கருகும். ஆகையால் முந்தின நாள் ரொட்டியை இளந்தீயில் பொரிப்பதே நல்லது.

எல்லாம் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வர வேண்டும் என்பதில்தான் சமையல்காரரின் திறமை தெரியும். சாசேஜுக்கு இளந்தீயில் இருபது நிமிடமாவது ஆகும், அதை முதலில் போடட்டும். பிறகு பேக்கன், அது விட்ட கொழுப்பிலேயே காளானும் தக்காளியும், அதன்பின் ரொட்டி. தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்துச் சூடாக வைத்துக்கொண்டு, விருந்தினர் உட்கார்ந்த பிறகே முட்டையை உடைக்க வேண்டும். முட்டையைத் திருப்பிப் போடாமல், வாணலியைச் சற்றே சாய்த்து, தேங்கும் சூடான கொழுப்பைக் கரண்டியால் மஞ்சள் கருவின்மேல் இரண்டு மூன்று முறை ஊற்றினால், மேலே மெல்லிய வெள்ளைப் படலம் படியும். உள்ளே கரு இளகியே இருக்கும்.

கேள்வி: பல ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். காரைக்குடிப் பக்கம் இந்தக் காலையுணவை எங்கே தேடுவது? பிளாக் புட்டிங்கும் மார்மலேடும் கிடைக்குமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி ஆகிய ஊர்களில் வெளிநாட்டார் வந்து தங்கும் பாரம்பரிய விடுதிகளில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். உணவுப் பட்டியலில் இல்லையே என்று மனம் தளராதீர்கள். முந்தின நாள் மாலையே சமையற்கட்டுக்குச் சொல்லி, என்னென்ன வேண்டும், மிளகாயும் வெங்காயமும் வேண்டாம் என்பதை எழுதிக் கொடுங்கள். காலை எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் மசாலா ஆம்லெட்தான் வரும்.

பன்றி இரத்தமும் ஓட்ஸ் அல்லது பார்லியும் சேர்த்த பிளாக் புட்டிங்கை இங்கே எதிர்பார்க்க முடியாது. நம் இரத்தப் பொரியலை அதன் இடத்தில் வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்ந்த அந்த நல்ல பண்டம் தோசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

மார்மலேடுக்கு வழி இருக்கிறது. ரொட்டியில் தடவும் அந்த ஜாம் செவில் என்னும் கசப்பு ஆரஞ்சில் செய்வது, நம்மிடம் நார்த்தங்காய் இருக்கிறது. தோலை மெல்லிய நாராக அரிந்து, நீரில் விரலால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்த பிறகே, சாற்றோடு சம எடைச் சர்க்கரை சேர்க்க வேண்டும்; முன்னதாகச் சர்க்கரை போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும். கொட்டைகளைத் துணியில் முடிந்து உடன் வேகவிட்டால் நன்றாக உறையும்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் பன்றிக்கறி நுழையாது. விருந்தினருக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: முட்டை, தக்காளி, காளான், பீன்ஸ், ரொட்டி, முந்தின நாள் அவித்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பிசைந்து மொறுமொறுப்பாக வாட்டியது – இவ்வளவும் இருந்தாலே போதும். இறைச்சி இல்லாத தட்டு இங்கிலாந்திலும் சாதாரணமாகக் கிடைப்பதுதான்.

இன்னும் சிறப்பாகச் செய்ய விரும்பினால் கெட்ஜரி செய்யுங்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் நம் நாட்டுக் கிச்சடியைத் தங்களுக்கு ஏற்ப மாற்றி, ஊருக்குக் கொண்டுபோய், விக்டோரியா காலத்துக் காலை மேசையில் ஏற்றிய உணவு அது. அங்கே புகையூட்டிய ஹாடக் மீனைப் போடுவார்கள். இங்கே ஜெகதாப்பட்டினத்திலிருந்து வரும் வஞ்சிரம் போதும். மீனைப் பாலில் இளக வேகவைத்து முள் நீக்கி உதிர்த்து, உதிரியாக வடித்த சோற்றில் வெண்ணெய், மஞ்சள் கலந்த கறித்தூள் சிறிதளவு, அவித்த முட்டைத் துண்டுகள் ஆகியவற்றோடு கிளறி, எலுமிச்சைத் துண்டு வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: டீயை எப்படிப் போடுவது?
– ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: பாலோடு கொதிக்கவிடக் கூடாது. டஸ்ட் தூளை விட்டு, அஸ்ஸாம் அல்லது சிலோன் இலைத்தேயிலை வாங்குங்கள். டீபாட்டை (தேநீர்க் கூஜாவை) வெந்நீரால் அலசிச் சூடாக்கி, தேயிலை போட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி நான்கு நிமிடம் மூடி வையுங்கள். பாலை முன்னதாகவே காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டி, சிறு குவளையில் தனியாக வைக்க வேண்டும். சர்க்கரையும் தனியாகத்தான். கலப்பதை விருந்தினரே பார்த்துக்கொள்வார்கள்.