எட்டு தடவை வழிமறிக்கும் பக்கத்து வீட்டுப் பையன்: வாசகர் கேள்வி – பதில்

போகிமான் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் (கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகள், 2004) பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ஆளைப் பற்றியவை. புரொஃபசர் ஓக்கின் பேரன், பக்கத்து வீட்டுக்காரன். நீங்கள் என்ன பெயர் சூட்டினாலும் ரசிகர்களுக்கு அவன் புளூ. ஆய்வகத்தில் தொடங்கி கடைசிச் சண்டை நடக்கும் சாம்பியன் அறை வரை எட்டு தடவை குறுக்கே வருவான்.

கேள்வி: ஆரம்பத்தில் நான் நெருப்பு வகை சார்மண்டரை எடுத்தேன், அவன் நீர் வகை ஸ்குவர்ட்டிலை எடுத்தான். முதல் சண்டையிலேயே தோற்றுவிட்டேன். நெருப்புக்குத் தண்ணீர் எதிரி என்பதால் இது தோற்றே தீர வேண்டிய சண்டையா?

இல்லவே இல்லை. லெவல் 5 ஸ்குவர்ட்டிலிடம் தண்ணீர் மூவே, அதாவது தண்ணீரால் அடிக்கும் வித்தையே, கிடையாது. டாக்கிள், டெய்ல் விப் இரண்டு மட்டும்தான். உங்களிடம் ஸ்கிராட்ச், க்ரவுல். இந்தச் சண்டையில் நெருப்பும் இல்லை, நீரும் இல்லை. யார் அதிகச் சுற்றுகளில் அடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. க்ரவுல் பக்கமே போகாமல் ஸ்கிராட்ச் மட்டும் அடியுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மாடி அறைக் கணினியில் ஒரு போஷன் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து 20 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) தரும். அந்த லெவலில் அது ஏறக்குறைய முழு உயிர். இத்தனைக்குப் பிறகும் தோற்றால் கவலை வேண்டாம், கதை நகரும்.

கேள்வி: செருலியன் நகரத்தில் பாலத்துக்கு முன்னால் அவனுடைய பிட்ஜியோட்டோ மண்ணை வாரி இறைக்கிறது. அதற்கப்புறம் என் அடி ஒன்றுகூட படுவதில்லை.

சாண்ட் அட்டாக் ஒருமுறை பட்டால் உங்கள் குறி 75 சதவீதமாகக் குறையும். இரண்டாவதில் 60, மூன்றாவதில் 50. பிறகு நாணயம் சுண்டிப் போடுவதும் நீங்கள் அடிப்பதும் ஒன்றுதான். ஆனால் இந்தக் குறைபாடு களத்தில் நிற்கும் வரைக்கும்தான். உள்ளே இழுத்து வேறொன்றை இறக்கினால் துடைத்துவிட்டதுபோல் மறைந்துவிடும். இரண்டு தடவை பட்டதும் மாற்றிவிடுங்கள். மூன்றாவதையும் தாங்கிக்கொண்டு நிற்பதில்தான் பலரும் சிக்குகிறார்கள்.

அங்கே அவனிடம் பிட்ஜியோட்டோ லெவல் 17, ஆப்ரா 16, ரட்டாட்டா 15, ஸ்டார்ட்டர் (முதன்முதலில் எடுத்த போகிமான்) 18. ஆப்ராவுக்குத் தெரிந்தது டெலிபோர்ட் மட்டும், பயிற்சியாளர் சண்டையில் அதனால் எந்தப் பயனும் இல்லை. அந்த நேரத்தில் மருந்து போட்டுக்கொள்ளலாம், ஆளையும் மாற்றிக்கொள்ளலாம். விரிடியன் காட்டில் பொறுமையாகத் தேடினால் பிகாச்சு கிடைக்கும். பிட்ஜியோட்டோவுக்கும் ஸ்குவர்ட்டிலுக்கும் அந்த ஒன்றே போதும்.

ஜிம் தலைவர் லெஃப்டினன்ட் சர்ஜை ஜெயித்தால் டிஎம் 34 (டிஎம் என்பது மூவ் கற்றுக்கொடுக்கும் கருவி) கிடைக்கும், ஷாக் வேவ் என்ற மின்சார மூவ். அது எந்த நிலையிலும் குறி தப்பாது. எத்தனை மண் இறைத்தாலும் படும். இந்தப் பறவை கடைசிச் சண்டை வரை கூடவே வருவதால் அந்த டிஎம்மைக் கண்டதற்கெல்லாம் செலவழிக்காதீர்கள். இந்த விளையாட்டில் ஒரு டிஎம்மை ஒரே தடவைதான் பயன்படுத்த முடியும்.

கேள்வி: கியாரடாஸுக்கு நீர் மூவான சர்ஃப் கற்றுக்கொடுத்தேன். ஆள் பார்க்கப் பயங்கரமாக இருக்கிறான், அடியோ பூப்போல விழுகிறது. ஏன்?

இந்தத் தலைமுறை ஆட்டங்களில் ஒரு மூவ் உடல் பலத்தால் அடிப்பதா, சிறப்புச் சக்தியால் அடிப்பதா என்பதை மூவ் தீர்மானிப்பதில்லை. அதன் வகை தீர்மானிக்கிறது. நீர், நெருப்பு, புல், மின்சாரம், பனி, சைக்கிக், டிராகன், டார்க் எல்லாம் ஸ்பெஷல் அட்டாக்கில் ஓடும். சாதாரணம், பாறை, மண், பறவை, பேய் போன்றவை அட்டாக்கில் ஓடும். கியாரடாஸின் அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 60. சர்ஃப் அந்த 60இல்தான் ஓடுகிறது. இது 2006இல் வந்த டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில்தான் மாறியது.

இதே விதியை அவனுக்கு எதிராகவும் திருப்பலாம். அவனுடைய அலகாஸாமின் டிஃபென்ஸ் 45 மட்டுமே, காகித உடம்பு. பேய் வகையான ஷேடோ பால் இங்கே உடல் அடி, சைக்கிக்குக்கு இரட்டிப்பு வேறு. அட்டாக் 110 உள்ள ஸ்நார்லாக்ஸிடம் அதைக் கொடுங்கள். அதன் டிஎம் 30 செலடன் நகரத்தின் காயின் விளையாட்டுக் கூடமான கேம் கார்னரில் 4,500 காயின். விலைக்கு வாங்கினால் 50 காயினுக்கு 1,000 வீதம் மொத்தம் 90,000. மனசு வரவில்லையா, பாடி ஸ்லாம் போதும்.

கேள்வி: என் சாரிசார்ட் (சார்மண்டரின் கடைசி வளர்ச்சி) லெவல் 68, மற்ற ஐந்தும் 30க்குக் கீழே. சாம்பியன் அறையில் மூன்று தடவை தோற்றுவிட்டேன். இன்னும் எத்தனை லெவல் ஏற்ற வேண்டும்?

சாரிசார்டுக்கு ஒரு லெவல்கூட வேண்டாம். அவன் இறக்குவதைப் பாருங்கள்: பிட்ஜியாட் 59, அலகாஸாம் 57, ரைடான் 59, எக்ஸெகியூட்டர், ஆர்க்கனைன், கடைசியாக ஸ்குவர்ட்டில் வளர்ந்து ஆன பிளாஸ்டாய்ஸ் 63. ரைடானின் ராக் டூம் ஒரு சாதாரண மூவ்தான். ஆனால் சாரிசார்டுக்குப் பாறை நான்கு மடங்கு. பிளாஸ்டாய்ஸின் ஹைட்ரோ பம்ப் இரண்டு மடங்கு. ஆறில் இரண்டு உங்கள் ஒரே ஆளுக்கென்றே பிறந்தவை. ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு 80 வரை ஏற்றுவதைவிட நான்கு பேரை 52 முதல் 55 வரை கொண்டுவருவது சீக்கிரம் முடியும்.

யார் அந்த நால்வர்? சாரிசார்டை எக்ஸெகியூட்டருக்கு வையுங்கள். அதைவிட வேகமானவன், எனவே அது தூங்கவைக்கும் ஸ்லீப் பவுடர் தூவும் முன்பே ஃபிளேம்த்ரோயரில் கதை முடியும். அலகாஸாமுக்கு ஸ்நார்லாக்ஸ். அலகாஸாம் ரிஃப்ளெக்ட் போட்டால் ஐந்து சுற்று உங்கள் உடல் அடி பாதியாகும், அதுவரை தாங்கி நிற்கும் உடம்பு ஸ்நார்லாக்ஸுக்கு உண்டு. ரைடானுக்கும் ஆர்க்கனைனுக்கும் லாப்ரஸின் சர்ஃப். ரைடானுக்கு அது நான்கு மடங்கு, வேகத்திலும் லாப்ரஸ்தான் முந்தும்.

நாலாவது ஜோல்ட்டியான். செலடன் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் ஈவீ சும்மா கிடைக்கும், அதை ஜோல்ட்டியானாக மாற்றும் தண்டர் ஸ்டோன் அந்த ஊர்க் கடையின் நான்காம் தளத்தில் 2,100. பிட்ஜியாட்டுக்கு ஷாக் வேவ். பிளாஸ்டாய்ஸுக்குத்தான் வேடிக்கையே இருக்கிறது. அவன் ரெயின் டான்ஸ் ஆடுவது தன் ஹைட்ரோ பம்பை ஒன்றரை மடங்காக்க. ஆனால் மழையில் மின்சார மூவான தண்டர் ஒருபோதும் குறி தப்பாது. அந்த டிஎம் 25 பவர் பிளான்டில் கிடக்கிறது. மழையைக் கூப்பிடுவது அவன், நனைவதும் அவன்.

லெவல் ஏற்ற வெர்மிலியன் போகிமான் சென்டரில் ஒரு பெண்மணி தரும் விஎஸ் சீக்கரை எடுங்கள். 100 அடி நடந்தால் அது சார்ஜ் ஆகும், உங்களிடம் தோற்ற பயிற்சியாளர்களை மறுபடி சண்டைக்குக் கூப்பிடலாம். ரூட் 16இல் ஓக்கின் உதவியாளரிடம் 40 வகைப் போகிமான் பிடித்ததாகக் காட்டினால் அமுலட் காயின் தருவார். அதனால் பரிசுப் பணம் இரட்டிப்பாகும்.

நீங்கள் வேறு ஸ்டார்ட்டர் எடுத்தவர் என்றால் கணக்கு சற்று மாறும். புல் வகை வீனசார் வைத்திருந்தால் அவனிடம் சாரிசார்ட், எக்ஸெகியூட்டர், கியாரடாஸ். சாரிசார்டும் கியாரடாஸும் மின்சாரத்துக்கே விழும். உங்களிடம் பிளாஸ்டாய்ஸ் என்றால் அவனிடம் வீனசார், ஆர்க்கனைன், கியாரடாஸ். அந்த வீனசார் சன்னி டே போட்டு சோலார்பீமைக் காத்திருக்காமல் விடும். அதே வெயில் உங்கள் நெருப்பையும் ஒன்றரை மடங்காக்கும், ஒரு நெருப்பு ஆளைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: சாகப்போகும் நேரத்தில் உயிரை முழுதாக நிரப்பும் ஃபுல் ரிஸ்டோர் மருந்தைப் போட்டுவிடுகிறான். இது என்ன நியாயம்?

நியாயம் கிடையாது, ஆனால் ஒழுங்கு உண்டு. உயிர் கால்பங்குக்குக் கீழே போனால்தான் அதை எடுப்பான். உயிர்க் கோடு பச்சையில் இருக்கும்போது சிறு அடி கொடுத்துப் பாதிக்குக் கொண்டுவாருங்கள், அடுத்து ஒரே பெரிய அடி. சிவப்புக் கோட்டில் விட்டுவைத்தால் உங்கள் இரண்டு சுற்றும் வீண். ஸ்டார்ட்டர் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு: உயிர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் அதன் சொந்த வகை அடி ஒன்றரை மடங்காகும். மழையும் சேர்ந்தால் பிளாஸ்டாய்ஸின் ஹைட்ரோ பம்ப் 2.25 மடங்கு.

ஆப்ஷன்ஸில் பேட்டில் ஸ்டைல் 'ஷிஃப்ட்' என்றே இருக்கட்டும். அவன் அடுத்து யாரை இறக்குகிறான் என்று சொல்லி, மாற்றுகிறீர்களா என்று கேட்கும். இந்தச் சலுகையை 'செட்' வைத்து இழக்காதீர்கள். சாம்பியனுக்கு முந்தைய எதிராளி லான்ஸை ஜெயித்ததும் எல்லோருக்கும் மருந்து போட்டுவிட்டு, புளூவின் அறைக்குள் நுழையும் முன் சேவ் செய்யுங்கள்.

கேள்வி: ரூட் 22இல் ஆரம்பத்தில் நிற்கிறானே, அந்தச் சண்டையைத் தவிர்க்கலாமா?

தவிர்க்கலாம், அந்தப் பக்கம் போகாவிட்டால் போதும். ஆனால் அங்கே லெவல் 9இல் இரண்டே ஆட்கள், ஒரு பிட்ஜியும் ஸ்டார்ட்டரும். முதல் ஜிம் தலைவர் ப்ராக்கிடம் போகும் முன் அனுபவப் புள்ளி கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸில்ஃப் நிறுவனக் கட்டடத்தில் ஏழாம் மாடியில் திடீரென்று வந்து நிற்கிறான், அப்போது என் ஆட்கள் எல்லாம் அரை உயிரில்.

முதலில் ஐந்தாம் மாடியில் கார்டு கீயை எடுத்துவிடுங்கள். அடுத்து ஒன்பதாம் மாடிக்குப் போய் அங்குள்ள பெண்ணிடம் பேசினால் எல்லோரையும் இலவசமாகக் குணப்படுத்துவார். அதற்கப்புறம் மூன்றாம் மாடியின் டெலிபோர்ட் பலகையில் ஏறுங்கள், அது நேரே அவன் முன்னால் இறக்கும். அவனுடைய ஸ்டார்ட்டர் அங்கே லெவல் 40. ஜெயித்ததும் அதே அறையில் நிற்கும் ஊழியரிடம் பேச மறக்காதீர்கள்: மேலே சொன்ன லாப்ரஸ், லெவல் 25, அவர் கையில்தான் இருக்கிறது.