பயிற்சிச் சான்றிதழைக் கேட்கும் முன் மேற்பார்வையாளரைக் கேளுங்கள்

தேவகோட்டை ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மகள் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்து, தனியார் நிறுவனம் ஒன்றில் ஆறு மாத ஆலோசகர் டிப்ளமோவும் பெற்றிருக்கையில், மதுரையில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அவரைப் பயிற்சிக்குச் சேர்க்க ஏன் தயங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். "சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளக்கூட விடமாட்டார்களா?" என்ற தங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தத் தயக்கமும் நியாயமானதுதான் என்பதே என் கருத்து.

'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்', அதாவது மருத்துவ உளவியலாளர், என்பது விரும்பியவரெல்லாம் போட்டுக்கொள்ளும் பட்டம் அன்று. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, ஆர்சிஐ என்று நாம் சொல்லும் அந்தக் குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறியவரே அந்தத் தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஆர்சிஐ அங்கீகாரத்தை வைத்தே அவர்களை வரையறுக்கிறது. எனவே அங்கீகாரமில்லாத படிப்புக்கு மேல் எத்தனை மாதப் பயிற்சியை அடுக்கினாலும் அந்தப் பதிவு கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை.

மேற்பார்வை செய்பவரின் இடத்திலிருந்தும் சற்றுப் பாருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கி என்னும் வட்டிக்கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வதற்கு ஆண்டுகள் பிடித்தன. பையன் கணக்கில் பிழை செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் மேலாள். மனநலப் பிரிவிலும் பயிற்சி மாணவர் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவர் மேற்பார்வையாளரே. அங்கீகாரம் பெற்ற படிப்பிலிருந்து வரும் மாணவர் நோய் வரலாறு கேட்பது, மனநிலைப் பரிசோதனை, சோதனைகளை நடத்தி மதிப்பிடுவது ஆகியவற்றை வகுத்த பாடத்திட்டத்தின்படி பயின்று வருகிறார் என்று அவர் நம்பலாம். மற்றவர்கள் விஷயத்தில் அந்த உறுதி இல்லாததால், எது தெரியும், எது தெரியாது என்பதை அவரே ஒவ்வொன்றாகச் சோதித்தறிய வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தையின் அறிவுத்திறன் சோதனையைத் தவறாக மதிப்பிட்டால், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரை அந்தப் பிழை போய்ச் சேரும்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடி மாணவி ஒருவரை, மேற்பார்வை யார் என்று தீர விசாரிக்காமல், ஓர் ஆலோசனை மையத்துக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினேன். இரண்டாம் நாளே பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுடன் அவரைத் தனியறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பையன் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளி, மணிக்கட்டுக்கு மேல் பிளேடால் கீறிய கோடுகளைக் காட்டி, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அக்கா" என்றானாம். இந்தப் பெண்ணும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மேற்பார்வையாளர் வெளியூரில் இருந்தார்; கைப்பேசியை எடுக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு அந்த மாணவி அழுதுகொண்டே என்னை அழைத்தார். மறுநாள் காலையில் மையத்தாரிடம் வலியுறுத்தி, பையனின் பெற்றோரை அழைத்துப் பேசவைத்து, அவனை மனநல மருத்துவரிடம் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தென்றால் இரகசியம் காக்கும் வாக்கைக் கொடுக்கக் கூடாது என்பது, முதல் ஆளைப் பார்க்கும் முன்பே மேற்பார்வையாளர் கற்றுத்தந்திருக்க வேண்டிய பாடம். அந்தப் பெண் மேல் எந்தக் குற்றமும் இல்லை. விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு.

ஆகவே பணம் கட்டும் முன் தங்கள் மகள் எந்தப் பயிற்சி மையத்திடமும் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். மேற்பார்வையாளரின் ஆர்சிஐ பதிவு எண் என்ன, வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர் உட்கார்ந்து பேசுவார், வருபவரிடம் 'இவர் பயிற்சி மாணவர்' என்று சொல்லிச் சம்மதம் பெறுவார்களா, அறிக்கையில் கையெழுத்து யாருடையது, அவசரம் என்றால் அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? பதிவு எண்ணை ஆர்சிஐ இணையதளத்தில் தாங்களே சரிபார்க்கலாம். பொன்னிற முத்திரையுள்ள சான்றிதழைக் காட்டிவிட்டு இந்தக் கேள்விகளுக்கு மழுப்பும் இடத்துக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

மதுரை மருத்துவமனை முற்றிலும் மறுக்கவில்லை, நிபந்தனைகளைத்தான் அனுப்பியிருக்கிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். முதல் சில வாரங்கள் உடனிருந்து கவனிப்பது மட்டும். பிறகு நோய் வரலாறு கேட்டு அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் ஒப்புவிப்பது. சோதனைகளைப் பழகிப் பார்க்கலாம், அறிக்கை எழுதக் கூடாது. தனியாகச் சிகிச்சை தரக் கூடாது. பதிவுக் குறிப்பேட்டில் வாரந்தோறும் கையெழுத்து. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆச்சி. இவ்வளவு தெளிவாக எழுதித் தருகிறவர் கற்றுக்கொடுக்க முன்வருகிறவர். மகளை அங்கே சேரச் சொல்லுங்கள்.

நோயாளிகளோடு பணியாற்றுவதுதான் அவர் விருப்பமென்றால், ஆர்சிஐ அங்கீகாரமுள்ள படிப்புக்கு முயல்வதே வழி. அங்கீகாரம் குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட காலத்துக்குமே தரப்படுவதால், கல்லூரியின் பெயரோடு சேர்க்கை ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவ உளவியல் எம்.ஃபில். சேர்க்கையை யூஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 வரைதான் நீட்டித்தது. எனவே இப்போது எந்தப் பெயரில், எந்தத் தகுதியில் சேர்க்கிறார்கள் என்பதையும், தொலைநிலைப் பட்டத்தை ஏற்பார்களா என்பதையும் பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலமாகவே கேட்டுப் பெறுங்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியலுக்கு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யூஜிசி அறிவித்துவிட்டதால், தங்கள் இளைய மகளுக்கு அதே வழியை யோசித்திருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

அடுத்த முறை காரைக்குடிக்கு வரும்போது மகளின் மதிப்பெண் பட்டியல்களையும் மருத்துவமனையின் நிபந்தனைக் கடிதத்தையும் கொண்டுவாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை மூவரும் உட்கார்ந்து எழுதுவோம்.