திடப்படுத்தல் வகுப்பு: பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருஷமாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபைமுன் அறிக்கையிடுவதுதான் திடப்படுத்தல்; அதற்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பு இது. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

15 வயது மாணவி: குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் இது எதற்கு?

அன்றைக்கு உனக்காக வாக்குக் கொடுத்தவர்கள் உன் பெற்றோரும் ஞானப்பெற்றோரும். இப்போது சபை நடுவே அதை நீயே உன் வாயால் சொல்கிறாய். பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பார். சமாரியாவில் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல்தான் பேதுருவும் யோவானும் கைகளை வைத்தார்கள்.

ஒரு தாய்: பத்தாம் வகுப்பு, ட்யூஷன் வேறு. மகன் பத்துக் கட்டளை, ஆராதனையில் சொல்கிற விசுவாசப் பிரமாணம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான். வகுப்புக்கு வராவிட்டால் பரவாயில்லையா?

வரட்டும் அம்மா. மனப்பாடத்தை வீட்டிலேயே முடித்துவிடலாம். மனதில் இருப்பதைக் கேட்க அவனுக்கு வேறு இடம் ஏது? நேரம் இடித்தால் ஆயரிடம் பேசுங்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்: நானும் இந்த வருஷம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

முதல் இரண்டு வாரம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். விசுவாசப் பிரமாணத்தைக் கையில் கொடுத்து, புரியாத வரியில் கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில்' என்ற இடத்தில் கோடு போட்டிருந்தான். "பேதுரு பெயர் இல்லை, பவுல் பெயர் இல்லை. இந்த ஆள் பெயரை ஏன் வாராவாரம் சொல்கிறோம்?" என்று கேட்டான். எத்தனை நல்ல கேள்வி! இயேசுவைத் தவிர அதில் பெயர் வருவது மரியாளுக்கும் பிலாத்துவுக்கும்தான். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி. 1961-இல் இஸ்ரேலில் உள்ள செசரியாவில் அவன் பெயர் பொறித்த கல்லே கிடைத்தது. நம் ஆண்டவர் பாடுபட்டது இன்ன நாட்டில், இன்ன ஆளுநர் காலத்தில் என்று சபை அறிக்கையிடுகிறது. அதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஒரு தகப்பன்: மகளுக்குப் புதிதாக வெள்ளைச் சேலை எடுக்க வேண்டுமா?

வேண்டாம். அக்காவின் சேலை இருந்தால் அதுவே போதும்.

16 வயது மாணவன்: சில நாள் கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வருகிறது. இப்படியே போய்த் திடப்படுத்தலுக்குப் பேராயர் முன்னால் முழங்கால் போடலாமா?

இதை வெளியே சொன்னாயே தம்பி, அதுவே பெரிய விஷயம். மாற்கு 9-இல் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறினான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, அவன் பிள்ளையைக் குணமாக்கினார். உன்னாலும் அந்த ஜெபத்தைச் செய்ய முடிந்தால், தைரியமாகப் போ. அதுவும் முடியவில்லை என்றால், வீட்டாருக்காக முழங்கால் போடாதே. ஆயரிடம் உள்ளபடி சொல்லிவிட்டு வகுப்புக்குத் தொடர்ந்து வா. அடுத்த வருஷமும் திடப்படுத்தல் உண்டு.