20 லட்சத்துக்குள், நெடுஞ்சாலையில் கேபின் அமைதியாக இருக்கும் கார் எது?

சென்னையிலிருந்து நெல்லைக்கு அடிக்கடி குடும்பத்தோடு போய்வருகிறேன், ஷோரூம் விலை 20 லட்சத்துக்குள் சத்தமில்லாத வண்டி வேண்டும், டீசலை விட்டுப் பெட்ரோல் எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்ரோல் எடுத்தால் சிக்னலில் நிற்கும்போது அமைதியாக இருக்கும். விக்கிரவாண்டி தாண்டி 100-ல் போகும்போது அது பெரிய வித்தியாசம் தராது. அந்த வேகத்தில் உங்கள் காதுக்கு வருவதில் பெரும்பங்கு டயர் சத்தமும் காற்றுச் சத்தமும்தான். எஞ்சின் மூன்றாவது ஆள். எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சினே இல்லாத வண்டியில் டயர் உறுமல்தான் முதலில் கேட்கிறது என்பார்கள்.

இந்தக் கேள்வியை நான் கடந்து போக முடியாததற்குக் காரணம் என் அம்மா. எனக்கு வேலை ஓசூரில், சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் ஊர் வரைக்கும் அதே ரோடுதான். அம்மாவுக்கு இரண்டு காதிலும் மெஷின். பழைய வண்டியில் கிருஷ்ணகிரி வருவதற்குள் மெஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவார்கள். ஏனென்று ஆடியாலஜிஸ்டிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மெஷின் பேச்சைப் பெரிதாக்குவதோடு ரோட்டுச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. தாழ்ந்த சுருதியில் ஓயாமல் வரும் உறுமல், பேச்சில் இருக்கும் மெல்லிய மெய்யெழுத்துச் சத்தங்களை விழுங்கிவிடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. 100 கிலோமீட்டர் வேகத்தில் பல கார்களின் உள்ளே சத்தம் 70-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. நல்ல காது உள்ள நாம் குரலை உயர்த்திச் சமாளிக்கிறோம். அவர்கள் பேச்சை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் பின் சீட்டில் பாட்டியோடு பேசிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் நான் கார் மாற்றினேன். "சத்தம்தானே, பாட்டை வைத்தால் சரியாகிவிடும்" என்று கமெண்டில் வருபவர்களுக்கு இது முன்கூட்டியே பதில்.

உங்கள் வீட்டில் தூங்கும் குழந்தையோ வயதானவர்களோ இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அதனால் வண்டியைச் சோதிக்கும்போது நான் செய்ததைச் சொல்கிறேன். மெஷின் பொருத்தும் இடத்தில் வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். அதையே காரில் செய்தோம். என் மனைவி முன் சீட்டில், அம்மா பின் சீட்டில். மனைவி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள்: பத்து, பட்டு, பாக்கு, பாட்டு, கதை, கடை, தட்டு, தப்பு. சூளகிரிப் பக்கம் ரோட்டில் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்தி, ஏசி ஃபேனைக் கடைசிப் புள்ளிக்குக் குறைத்து, 80-லும் 100-லும் முகத்தைத் திருப்பாமல் சாதாரணக் குரலில் வாசித்தாள். வாயசைவைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத்தான் திரும்பாமல் வாசிப்பது. நான் முதலில் மனசில் வைத்திருந்த எஸ்யூவியில் 80-ல் பரவாயில்லை. 100-ல் பத்துக்குப் பட்டு, கதைக்குக் கடை என்று வர ஆரம்பித்தது. ஷோரூமில் நிற்கும்போது அதே வண்டியின் எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்தது ஸ்கோடா ஸ்லாவியா செடான், 1.5 லிட்டர் பெட்ரோல். கூட வந்த விற்பனைப் பையன் என்னிடம் மெதுவாக, "சார், அம்மாவுக்குக் காது கேக்காதுங்கறப்ப இவ்ளோ டெஸ்ட் எதுக்கு?" என்றான். பின்னாலிருந்து அம்மா, "கேக்குதுய்யா, நீ ரோட்டப் பாத்துச் சொல்லு" என்றார்கள். அன்றைக்கே முன்பணம் கட்டினேன்.

நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. இதே விலையில் உங்களுக்கு வேறு வண்டி பிடிக்கலாம், வாங்குங்கள். ஆனால் செடான்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். செடானில் டிக்கி தனி அறை. பின் சக்கரத்துக்கு மேலிருந்து வரும் சத்தத்துக்கும் உங்களுக்கும் நடுவில் சீட்டும் தடுப்பும் இருக்கின்றன. எஸ்யூவியிலும் ஹேட்ச்பேக்கிலும் டிக்கியும் கேபினும் ஒரே கூடம், பின் சக்கரச் சத்தம் நேராகப் பின் சீட்டுக்கு வரும். உயரமான, நேராக நிமிர்ந்த முகப்பு காற்றையும் அதிகம் எதிர்க்கும். "வயதானவர்களுக்குத் தாழ்வான கார் வாங்கியிருக்கிறாயே, முட்டி என்னாவது" என்று என் அத்தானிலிருந்து அலுவலகம் வரை எல்லோரும் கேட்டாயிற்று. அம்மா முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்லாவியாவின் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர். எங்கள் ஊர் வேகத்தடைகளில் இதுவரை இடித்ததில்லை. எல்லா எஸ்யூவியும் சத்தம் என்று நான் சொல்லவில்லை. நல்ல எஸ்யூவிகள் உண்டு, அந்த அமைதிக்குப் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

எஞ்சின் விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டாப் கியரில் 100-ல் போகும்போது ஆர்.பி.எம். முள், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2,000-ஐ ஒட்டி நின்றால் நல்லது. 3,000-ஐ நெருங்கினால் நாள் முழுக்க ரீங்காரம் இருக்கும். நல்ல ஆறு கியர் டீசல் இந்த இடத்தில் சில சின்னப் பெட்ரோல் எஞ்சின்களைவிட அமைதியாக ஓடும். மூன்று சிலிண்டர் எஞ்சினைவிட நான்கு சிலிண்டருக்கு இயல்பிலேயே அதிர்வு குறைவு. சிவிடி (தனித்தனிக் கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் என்றால் ஒரு லாரியை முந்திப் பாருங்கள், மிதித்ததும் எஞ்சின் கத்திக்கொண்டே நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது டயர். சத்தத்தில் காசுக்கு அதிகப் பலன் இங்கேதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. ஒரே காரில் டாப் வேரியன்ட்டுக்கு 17 அங்குலமும் நடு வேரியன்ட்டுக்கு 16 அங்குலமும் வந்தால், அமைதிக்கு 16-தான் என் ஓட்டு. டயர் அகலமாக அகலமாகச் சத்தம் கூடும். பக்கச் சுவர் ஒல்லியாகப் போனால் ரோட்டின் கடகடப்பு உள்ளே வந்துவிடும். சன்ரூஃபுக்காக டாப் வேரியன்ட் எடுத்து, பெரிய டயரையும் மேலே ஒரு கண்ணாடியையும் சேர்த்து வாங்கிவிட்டு, சத்தம் வருகிறது என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

கண்ணாடி விஷயம் உங்களுக்குக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். முன் கண்ணாடி எல்லாக் காரிலும் இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட்தான். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைத் தகடு டெம்பர்டு. சில வண்டிகளில்தான் முன் கதவுகளுக்கும் சத்தம் தடுக்கும் லேமினேட்டட் கொடுக்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். முன் கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் மெல்லிய கோடு ஓடினால் லேமினேட்டட், பிஸ்கட்டுக்கு நடுவில் கிரீம் மாதிரி தெரியும். மூலையில் அச்சடித்திருக்கும் எழுத்தையும் படியுங்கள். இப்படிக் கண்ணாடி உள்ள வண்டி உங்கள் பட்ஜெட்டில் கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஏனென்றால் காற்றுச் சத்தம் வேகத்தோடு மிக வேகமாக ஏறும். 60-லிருந்து 120-க்குப் போனால் 15 டெசிபலுக்கு மேல் கூடிவிடும். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். இதை நீங்களே கயத்தாறில் உணரலாம். கோவில்பட்டி தாண்டிக் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் பக்கக் காற்று கதவு ரப்பரைச் சோதித்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை எங்கள் பக்கத்தில் சும்மா சொல்லவில்லை. முடிந்தால் நெல்லையில் உள்ள ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டு, கயத்தாறு வரை ஓட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு கோபத்தையும் கொட்டிவிடுகிறேன். நான் வண்டி எடுத்த ஷோரூமில் டெலிவரி அன்று பார்த்தால், கேட்காமலே நான்கு கதவிலும் மழை வைசர் ஒட்டியிருந்தார்கள். "பேக்கேஜில் வருது சார்." பேக்கேஜுக்குக் காசு நான் கொடுத்தது. காற்று வழுக்கிப் போவதற்காக வடிவமைத்த கதவின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வரப்பைக் கட்டினால் விசில் வராமல் என்ன வரும்? டெஸ்ட் டிரைவில் கேட்ட வார்த்தைகள் சொந்த வண்டியில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஹேர் ட்ரையரால் பசையைச் சூடாக்கி, தூண்டில் நரம்பை நடுவில் விட்டு அறுத்து எடுத்தோம். விசில் போயிற்று. பணம் திரும்பி வரவில்லை. இன்ஷூரன்ஸையும் அவர்களிடமே எடுத்தால்தான் டெலிவரி தேதி என்றார்கள். வெளியே விலை குறைவு என்று காட்டியும் அசையவில்லை. இன்ஷூரன்ஸை யாரிடம் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. எந்த டீலரும் கட்டாயப்படுத்த முடியாது. நான் எழுதிக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வந்து கொடுக்கும் மனிதனிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் புக்கிங் ஃபார்மிலேயே "வைசர் வேண்டாம், ஆக்சஸரி பேக்கேஜ் வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேரியரும் வேண்டாம். வெறும் கேரியரே தலைக்கு மேல் ஊளையிடும்.

கதவுக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் செய்து தருகிறார்கள். பியூட்டைல் ரப்பரில் செய்த அந்த ஷீட் தகரத்தின் அதிர்வை அடக்கும். கதவை மூடும்போது கனமான சத்தம் வரும், ஸ்பீக்கரும் நன்றாகக் கேட்கும். கண்ணாடி வழியாகவும் சக்கரத்துக்கு மேலிருந்தும் வரும் சத்தத்தை அது நிறுத்தாது. அமைதியான வண்டியை இன்னும் கொஞ்சம் மெருகேற்ற அது உதவும், சத்தமான வண்டியை மாற்றிவிடாது. வயரை வெட்டினால் வாரண்டிக்கும் சிக்கல்.

போனில் டெசிபல் ஆப் போட்டு அளக்கலாம். அதில் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே போன், ஒரே ரோடு, ஒரே வேகம் என்று வைத்து இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். தாழ்ந்த உறுமலை அந்த ஆப்கள் குறைத்தே காட்டும். டோல்கேட் முன்னால் வரும் கான்கிரீட் பகுதியிலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தாரில் அமைதியாக வந்த வண்டி அங்கே மாறிவிடலாம்.

வாங்கிய பிறகு டயரை மறந்துவிடாதீர்கள். காற்றைக் கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றி, அலைன்மென்ட் பாருங்கள். ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்த டயர், வீல் பேரிங் போனது போலவே உறுமும். முதல் செட் தேய்ந்து புது டயர் போடும்போது, மழையில் ரோட்டைப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்வியாகச் சத்தத்தைக் கேளுங்கள். மிச்சலின் பிரைமசி மாதிரி அமைதிக்கென்றே சொல்லி விற்கும் டயர்கள் இருக்கின்றன. விலை கூடுதல்தான், மற்ற கம்பெனிகளிலும் இந்த வகை உண்டு. கடைக்காரர் "இதுதான் நல்லா உழைக்கும்" என்று கெட்டி ரப்பர் டயரை எடுத்து வைத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.