ஜெர்மனிக்கு நர்சாகப் போகிற தங்கச்சி ஃபோனைப் பற்றிக் கேட்டதற்கு

பாறசாலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். நர்சிங் முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஜெர்மன் மொழியில் பி2 பரீட்சையும் தேறி, ஹெஸ்ஸன் மாநிலத்தில் வேலைக்கு ஆர்டர் வாங்கிவிட்டாள். "அக்கா, அங்க ஃபோன், வாட்ஸாப் விஷயத்துல ரொம்பக் கண்டிப்புன்னு சொல்லுதாவ. இங்க இன்சார்ஜ் சிஸ்டர் ராத்திரி பதினொண்ணுக்கும் குரூப்ல டூட்டி மாத்திப் போடுவாவ. அங்கயும் அப்படியா? அவ்வளவு முன்னேறின நாட்டுல இன்னும் ஃபேக்ஸ் அனுப்புவாவன்னு சொல்றது நெசமா?"

ஃபேக்ஸ் நெசம். லீவுக்கு வந்து குழித்துறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். களியக்காவிளை சந்தையில் மீன்காரி தட்டுக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு வைத்திருக்கிறாள். ஸ்டுட்கார்ட்டில் என் தெருமுனை பேக்கரியில் இன்றும் காசுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிதம் ஃபேக்ஸில் வரும், சில வார்டுகளில் சார்ட் பேப்பரில்தான் இருக்கும். கேட்டால் பிரைவசி என்பார்கள். பாதி அது, பாதி சோம்பல் என்பது என் கணக்கு. நீ போனதும் சிரிப்பு வரும். சிரித்துவிடாதே, புதுசாக வந்தவள் சிரித்தால் பிடிக்காது.

கண்டிப்பைப் பற்றிக் கேட்டாயே, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போகிறதுக்கு முன்னால் உன் ஃபோனில் கால் ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று பார். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் ஃபோனில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். வரப்புத் தகராறு, சீட்டுப் பணம் என்று ஏதாவது வந்தால் ஆதாரம் வேண்டுமே! ஜெர்மனியில் எதிரில் பேசுகிறவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவில் குற்றம். அபராதம், இல்லாவிட்டால் மூன்று வருஷம் வரை சிறை. வார்டு பொறுப்பாளர் திட்டுகிறார், பதிவு செய்து மேலே காட்டுவோம் என்று போனால் அவர் தப்பித்துவிடுவார், நீ மாட்டிக்கொள்வாய். எந்தத் தேதி, என்ன நேரம், யார் யார் நின்றார்கள், என்ன சொன்னார் என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வை.

அடுத்தது படம். டூட்டி டிரஸ்ஸில் வார்டு வாசலில் நின்று செல்ஃபி எடுத்து வீட்டு குரூப்பில் போடுகிறது நம் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே வரும் ஆசை. பின்னால் வீல்சேரில் ஒரு பாட்டி இருந்தால் தீர்ந்தது. சம்மதம் இல்லாமல் ஒருவர் படத்தை வெளியிடக் கூடாது என்ற சட்டம் அங்கே 1907-இல் வந்தது. அதற்குக் காரணமே ஒரு சாவு வீடு. 1898-இல் பிஸ்மார்க் இறந்த ராத்திரி இரண்டு ஃபோட்டோகிராபர்கள் உள்ளே நுழைந்து பிணத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். நோயாளி ரகசியத்துக்குக் குற்றவியல் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது, 203. அதில் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. அம்மாவுக்கு வீடியோ காலில் உன் அறையைக் காட்டு, தெருவைக் காட்டு, பனியைக் காட்டு. வார்டைக் காட்டாதே.

இங்கே உனக்குப் பழகிப்போன ஒன்று அங்கே கிடையாது: கூட்டிருக்க ஒரு பைஸ்டாண்டர். திருவனந்தபுரத்தில் ஒரு பெட்டுக்கு ஒரு பைஸ்டாண்டர், அவருக்குப் பக்கத்து பெட்டின் கதையெல்லாம் தெரியும். "அந்த மாமனுக்கு என்ன சீக்கு மோளே?" என்று உன்னிடமே கேட்பார், நீயும் பாவமே என்று சொல்லியிருப்பாய். அங்கே குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கக்கூஸுக்குக் கூட்டிப் போவது எல்லாம் நர்ஸ் வேலை. போனில் ஒருவர் "நான் மகன் பேசுகிறேன், அப்பா எப்படி இருக்கிறார்" என்றால்கூட நோயாளி யாரிடம் சொல்லலாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஈவு இரக்கம் இல்லாத மாதிரித் தோன்றும். அந்த அப்பா மகனோடு பத்து வருஷமாகப் பேசாதவராக இருக்கலாம், உனக்கு எப்படித் தெரியும்?

இதோடு சேர்த்து ஒன்று. வார்டில் இன்னொரு மலையாளிப் பிள்ளையைப் பார்த்ததும் நம் வாய் தானாக மலையாளத்துக்கோ தமிழுக்கோ போகும், எல்லையில் பிறந்தவர்களுக்கு அது மூச்சு மாதிரி. நோயாளி முன்னால் வேண்டாம். படுத்திருக்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பார். கேண்டீனில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள்.

ராத்திரி பதினொன்று கதைக்கு வருகிறேன். டூட்டி பட்டியல் முன்கூட்டியே வரும். ஆள் குறைந்தால் உன் ஓய்வு நாளில் கூப்பிட்டு "வர முடியுமா" என்று கேட்பார்கள், இது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது, ஏனென்றால் நர்ஸ் பற்றாக்குறை. முடியாது என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம்மால்தான் அது முடியாது, "தலைவலி, விருந்தாளி" என்று பொய்யாக நாலு காரணம் அடுக்குவோம். ஒரு காரணமும் வேண்டாம், "இன்றைக்கு இயலாது" போதும். சில வார்டுகளில் பெண்கள் தாங்களாகவே வாட்ஸாப் குரூப் வைத்திருப்பார்கள். சேர்கிறதும் விடுகிறதும் உன் இஷ்டம். ஆனால் அதில் நோயாளி பெயரையோ அறை நம்பரையோ போடாதே, யார் போட்டாலும் பதில் எழுதாதே.

சீக்கு லீவும் அப்படித்தான். முடியவில்லை, இத்தனை நாள் வரமாட்டேன் என்று சொன்னால் போதும், என்ன வியாதி என்று மேலதிகாரி கேட்க உரிமை இல்லை. 2023 ஜனவரியில் இருந்து டாக்டர் சீட்டு கம்ப்யூட்டர் வழியாகவே இன்ஷூரன்ஸுக்குப் போகிறது. முதலாளி அங்கிருந்து எடுத்துக்கொள்வது தேதிகளைத்தான், நோயின் பெயர் அதில் இருக்காது. இது வெறும் காகிதச் சட்டம் என்று நினைக்காதே. நியூரன்பர்கில் ஹெச் அண்ட் எம் கம்பெனியின் சேவை மையத்தில், லீவு முடிந்து வருகிறவர்களிடம் மேலதிகாரிகள் பிரியமாக நலம் விசாரித்து, அவர்கள் சொன்ன நோய், வீட்டுப் பிரச்சினை, மத நம்பிக்கை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தார்கள். 2019-இல் அது கம்பெனி முழுக்கத் திறந்துபோய் வெளியே வந்தது. 2020-இல் 3.53 கோடி யூரோ அபராதம். அதனால் நலம் விசாரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள் என்று சொல்லவில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்.

ஊழியரைக் கண்காணிக்கிற கேமராவோ சாஃப்ட்வேரோ கொண்டுவர வேண்டுமானால், ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பெட்ரீப்ஸ்ராட் என்ற குழுவின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவ சபைகள் நடத்தும் ஆஸ்பத்திரிகளில் அதே வேலைக்கு வேறு பெயரில் ஒரு குழு இருக்கும். முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் என்று கேட்டு முகம் பார்த்து வை. ஏஜென்சிக்காரன் இதைச் சொல்லித்தர மாட்டான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இரண்டு சர்வாதிகாரங்கள் ஜெர்மன்காரர்களைக் கணக்கெடுத்து வைத்திருந்தன, நாஜிகள் ஒன்று, கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ் இன்னொன்று. உலகத்திலேயே முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீ போகிற ஹெஸ்ஸனில்தான் 1970-இல் வந்தது. 1983-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே உச்ச அரசியல் சட்ட நீதிமன்றம் தடுத்து, என்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதில் எனக்கு உரிமை உண்டு என்றது. 2010-இல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தபோது ஏறக்குறைய 2,44,000 வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டை மங்கலாக்கு என்று எழுதிக் கேட்டார்கள். நம் நாட்டிலும் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லியாயிற்று. மார்த்தாண்டத்து ஜெராக்ஸ் கடையில் இன்றைக்கும் யாரோ ஒருவரின் ஆதார் நகல் மேசையில் கிடக்கிறது.

எனக்கு இதில் எல்லாமே சரி என்று தோன்றவில்லை. 2025 ஏப்ரல் கடைசியில் இருந்து பொது இன்ஷூரன்ஸில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் மின்னணு நோயாளிப் பதிவேடு நாடு முழுக்க வந்திருக்கிறது, வேண்டாம் என்கிறவர் மறுக்கலாம். முந்தின டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்துக்காரர்கள் அதன் ஓட்டைகளை மேடையிலேயே காட்டினார்கள், பயம் நியாயம்தான். ஆனால் ராத்திரி மயங்கி வருகிற கிழவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் நாங்கள் அல்லாடுகிறபோது இந்தப் பதிவேடு இருபது வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இருக்கும். நான் மறுக்கவில்லை.

அடுத்தது சினிமா. அங்கே இருக்கிற கருங்கல் பக்கத்துப் பையன் ஒருவன் புதுப் படம் ஒன்றை டொரண்டில் இறக்கினான். சில வாரத்தில் வக்கீல் கடிதம் வந்தது, நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு. இறக்கும்போதே அது மற்றவர்களுக்கும் பகிர்ந்துவிடுகிறது, சண்டையே அதுக்குத்தான். டெலிகிராம் பழக்கம் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டுப் போ.

இவ்வளவு ரகசியம் காக்கிற நாடு ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கும். வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அந்த ஃபாரத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பெருமையாகக் கத்தோலிக் என்று எழுதிவிடுவார்கள். ஹெஸ்ஸனில் வருமான வரியில் 9 சதவீதம் சபை வரியாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள், எங்கள் ஸ்டுட்கார்ட் பக்கம் 8. பொய் எழுதச் சொல்லவில்லை. வேலை தருவது சபை ஆஸ்பத்திரியா என்பதையும் பார்த்து, தெரிந்து எழுது.

கடைசியாக, லெட்டர் பாக்ஸிலும் காலிங் பெல்லிலும் உன் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருந்தால் அதே எழுத்துகளில் அதையே ஒட்டு, நம் ஊர் மாதிரி இனிஷியல் போடாதே. பேங்க் கார்டு ஒரு கவரில் வரும், பின் நம்பர் வேறு நாளில் வேறு கவரில் வரும்.